ஆறு தட்டுகள் கெட்ட விவரம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அத்தையின் முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. எனக்கு ரத்த அழுத்தம் போன ஞாயிற்றுக்கிழமை வரை கட்டுக்குள் இருந்தது. நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது மாப்பிள்ளை, உங்களிடம் ஃபோனில் ரகசியம் பேச முடியாது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே "சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா" என்பீர்கள், பக்கத்து ஃபிளாட்காரர் உங்களுக்கு முன்னால் பதில் சொல்வார். போதாக்குறைக்கு, நான் சொல்லப்போவதை நடுவில் யாரும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னால்தான் உண்டு. எதிர்வீட்டு டெய்லரின் மனைவி நாளை மத்தியானம் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். நன்றாகக் கிழிக்கவும். உங்கள் மனைவி கிழிந்த காகிதத்தை ஒட்டவைத்துப் படிக்கக் கூடியவள். எனக்குப் பதவி உயர்வு இல்லை என்று கம்பெனி எழுதிய கடிதத்தைப் பத்து வயதில் அப்படித்தான் படித்தாள், படித்துவிட்டு என்னிடம் வந்து எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது என்றும் சொன்னாள்.

விஷயம் அந்த ஒன்பது தட்டுகள். அவள் ஆராய்ச்சியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிடலாம்தான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் அதைத் தலையாட்டிக்கொண்டே கேட்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தலையாட்டுவது வேறு, புரிவது வேறு. எனக்குப் புரிந்ததை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குத் தெரியும். காகிதம் செய்கிற மரக்கூழ் இருக்கிறதல்லவா, அதை அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உடைத்து, மறுபடி கழுவி, கடைசியில் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத பொடிக் குச்சிகள். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம் என்கிறாள். அந்தக் குச்சிகள் தண்ணீரில் மிதக்கும். தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி மெதுவாகக் காயவிட்டால், குச்சிகள் தானாகவே அடுக்கடுக்காக வரிசை கட்டி நிற்கும், ஒவ்வொரு அடுக்கும் கீழே இருக்கிற அடுக்கைவிடக் கொஞ்சம் திரும்பி, வட்டப் படிக்கட்டு மாதிரி. படிக்கட்டு ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதற்கேற்ற நிறம் நம் கண்ணில் படும். உயரம் அதிகம் என்றால் சிவப்பு, குறைந்தால் பச்சை, இன்னும் குறைந்தால் நீலம். சாயம் கிடையாது, பொடி கிடையாது, ஒன்றும் கிடையாது. மிஞ்சுவது கண்ணாடிக் காகிதம் போல ஒரு மெல்லிய தகடு, அது சோப்புக் குமிழி மாதிரி மின்னும். யாரும் "சார், லைன்ல வாங்க" என்று கத்தாமல் தானாக வரிசையில் நிற்கிற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதையே முதலில் நான் நம்பவில்லை. நான் மருந்துக் கடைக்குப் போய்வருகிறவன்.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட மனக்குறை உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் பெயிண்ட் கம்பெனியில் நிறம் சேர்க்கிற பிரிவில் இருந்தவன் நான். வாடிக்கையாளர் ஒரு சுவர்த் துண்டையோ புடவைத் துணியையோ கொண்டுவந்து வைப்பார், அதே நிறத்தை டப்பாவில் வரவழைக்க வேண்டும். இயந்திரம் சரி என்று சொன்ன பிறகும் நான் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு சொட்டு" என்பேன். அங்கே எனக்குப் பெயரே ஒருசொட்டு என்பதுதான். ஓய்வு பெறும் நாளில் கொடுத்த கேடயத்தில்கூட யாரோ அதைப் பொறிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் பிறந்துவிட்டு, சாயமே வேண்டாம், காயவிட்டால் போதும் என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்? கசாப்புக் கடைக்காரர் பெண் காய்கறிக் கடை வைத்த மாதிரி இருந்தது.

போன சனிக்கிழமை அவள் பாட்டில்களோடு வந்து இறங்கினாள். அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் லிஃப்ட் போடுகிறார்களாம், காலை முதல் மாலை வரை துளை போடுகிறார்கள், தரை நடுங்குகிறது, தட்டு ஆடினால் குச்சிகளுக்கு ஆகாது. நம் வீட்டுப் பின்னறை, அதுதான் இஸ்திரி போடுகிற அறை, அங்கே அதிர்வே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள். மேஜை மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் என் பழைய விசிட்டிங் கார்டுகளை மடித்துச் செருகினாள். கடைசியில் அவை உபயோகப்பட்டன. ஒன்பது தட்டுகளிலும் எண் ஒட்டி, அளந்து அளந்து ஊற்றினாள். பார்ப்பதற்குத் துணிக்குப் போடுகிற கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது.

"தானா எப்படிம்மா நிறம் வரும்? யார் கலக்குறது?" என்று கேட்டேன்.

"யாரும் கலக்கக் கூடாதுப்பா. அதான் விஷயமே."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுதான். முடியுமா?"

"இது என்ன பெரிய வேலையா!" என்றேன். மாப்பிள்ளை, அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். தொடக் கூடாது. நகர்த்தக் கூடாது. ஊதக் கூடாது. ஃபேன் போடக் கூடாது. கடைசியில் சிவப்பு மையில், அடிக்கோடிட்டு: உதவி செய்யக் கூடாது. பிறகு பையை மாட்டிக்கொண்டு, பெரிய மைக்ராஸ்கோப் பயிற்சிக்கு ஒன்பது நாள் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா, நான் திரும்பி வந்ததும் வியாழக்கிழமை கமிட்டி உட்காருது. இந்த ஒன்பது தட்டும் கையில இல்லேன்னா என் மூணு வருஷ வேலையை மூடி வெச்சிடுவாங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

உங்களை நம்பித்தான் என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதில்லை, சொல்வதற்கு நான் காரணம் எதுவும் கொடுத்ததுமில்லை. எட்டாம் வகுப்பில் அவள் செய்த அட்டைப் பாலத்துக்கு நான் கொஞ்சம் திருத்தம் செய்து, பாலம் பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கிவிட்டது. கல்யாண அழைப்பிதழில் எழுத்தின் நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று அச்சகத்துக்குப் போய் உங்கள் பெயர் கண்ணுக்கே தெரியாமல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் பெருந்தன்மையாகச் சிரித்தீர்கள். அதனால் அவள் தெருமுனை திரும்புகிற வரை நான் வாசலில் நின்று, இந்தத் தடவை விரலைக்கூட அசைக்க மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். சத்தியம் மறுநாள் காலை பத்தே கால் வரை நின்றது.

நிறப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு எதைச் செய்தாலும் எண்ணும் நேரமும் குறிப்பது கைப்பழக்கம், அதன்படியே எழுதுகிறேன். தட்டு எண் ஒன்று, ஞாயிறு காலை பத்தே கால். சும்மா பார்க்கத்தான் போனேன். பார்த்தால் தண்ணீர் தெளிந்து மேலே நிற்கிறது, கலங்கல் அடியில் தங்குகிறது போலத் தெரிந்தது. பெயிண்ட் தொழிலில் டப்பாவை அடி தங்கவிடுகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டோம். தொடக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறாள், டீஸ்பூன் தொட்டால் நான் தொட்டதாகுமா? காம்புப் பக்கத்தால் மூன்றே சுற்று, இடமிருந்து வலம். சுற்றி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எழுத்தில் சொல்ல முடியாது. இப்போது அந்தத் தட்டில் காய்ந்திருப்பது மூன்று சுற்றுச் சுழி, ஒவ்வொரு சுற்றும் ஒரு நிறம், நடுவில் ஸ்பூன் நின்ற இடத்தில் ஒரு குழி.

தட்டு எண் இரண்டு, திங்கள் பகல் பன்னிரண்டு. ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தபோது காற்றில் தூசி பறப்பது தெரிந்தது. ஒன்பதுக்கும் மூடி தேடினேன், அடுக்களையில் பொருத்தமாக ஒன்றுதான் கிடைத்தது, எவர்சில்வர் மூடி, அது இரண்டுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. மாலை திறந்து பார்த்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் நான் எத்தனை சொட்டு விட்டிருப்பேன், ஒன்றையாவது தப்பாக விட்டிருப்பேனா? என்னைக் கேட்காமல் ஒரு மூடி பதினான்கு சொட்டு விட்டுவிட்டது. அம்மைத் தழும்பு மாதிரி பதினான்கு வட்டம்.

தட்டு எண் மூன்று, செவ்வாய் காலை ஒன்பதரை. மூன்று முதல் ஆறு வரை அவள் குறைவாக ஊற்றியிருந்தாள், அதனால் அவை சீக்கிரம் காய ஆரம்பித்தன. ஓரத்தில் நிறம் வந்துவிட்டது மாப்பிள்ளை! சாயமில்லாத தண்ணீரில் நிறம்! அத்தையைக் கூப்பிட்டேன், அவள் வாசலிலேயே நின்று "நான் ஒண்ணும் பாக்கலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் வந்த நிறம் சிவப்பு. முடிவில் பச்சையாக வர வேண்டும் என்று அவள் சொன்னது எனக்குத் தெரியும். தண்ணீர் வற்ற வற்றப் படிக்கட்டு குறுகி, சிவப்பு பச்சையாகும் என்பதைத்தான் அவள் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் வேறு ஏதாவது திருத்திக்கொண்டிருந்தேன். தப்பான நிறத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? சிவப்பைப் பச்சைப் பக்கம் இழுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பச்சை காட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பரணிலிருந்து என் பழைய நிறப்பெட்டியை இறக்கி, ஒரே ஒரு சொட்டு. பச்சைச் சாயம் விழுந்த மறுநொடி பால் திரிந்த மாதிரி திரிந்துவிட்டது. வரிசையில் நின்ற குச்சிகள் எல்லாம் கலைந்து கட்டி கட்டியாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை, அத்தை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, அது அதைவிடப் பயமாக இருந்தது.

தட்டு எண் நான்கு, புதன் காலை எட்டு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆள்காட்டி விரல். பெயிண்ட் காய்ந்ததா என்று உலகத்தில் யாரும் வேறு எப்படிப் பார்ப்பார்கள் சொல்லுங்கள். காயவில்லை. என் ரேகை முழுக்க, கோடு கோடாக, பச்சையிலும் நீலத்திலும் அப்படியே பதிந்து நிற்கிறது. ஆதார் அட்டையில்கூட என் ரேகை இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. இந்த வழக்கில் வேறு சாட்சி வேண்டியதில்லை.

தட்டு எண் ஐந்து, அதே புதன் பத்து மணி. குனிந்து பார்த்தபோது பெருமூச்சு விட்டுவிட்டேன். பச்சையாக இருந்த இடம் மூச்சுப் பட்டதும் சிவப்பானது, நான் பதறி நிமிர்ந்ததும் மறுபடி பச்சையானது. மூச்சில் இருக்கிற ஈரம் பட்டுப் படிக்கட்டு உப்புகிறது, காய்ந்ததும் இறங்குகிறது. மறுபடி ஊதினேன், சிவப்பு. விட்டேன், பச்சை. இதை ஒருத்தன் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எதிர்வீட்டு டெய்லரைக் கூப்பிட்டேன். அவரும் ஊதினார். பிறகு நான். பிறகு அவர், நாற்பது வருஷம் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதிய நுரையீரல் அவருக்கு. பதினேழாவது ஊதலில் சிவப்பு சிவப்பாகவே நின்றுவிட்டது, தகடு காய்ந்த இலை மாதிரி ஓரம் சுருண்டு நடுவில் கீறல் விட்டது.

தட்டு எண் ஆறு, பத்தே முக்கால். இது முழுக்க என் குற்றமில்லை. "அண்ணே, இதை லைனிங் துணி மேல ஒட்டினா எப்படி இருக்கும் தெரியுமா? சட்டைக் காலர் உள்பக்கம் மட்டும் போட்டா போதும்" என்று டெய்லர் சொல்லி, நான் யோசிக்கிறதுக்குள் பையிலிருந்து ஒரு வெட்டுத் துண்டை எடுத்து மேலே வைத்து, உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். எடுக்க வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். பாதி தட்டில், பாதி துணியில். டெய்லர் தன் பாதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அறையைப் பூட்டி, சாவியை அத்தையிடம் கொடுத்து, நான் காலில் விழுந்து கேட்டாலும் தரக் கூடாது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நிஜமாவா சொல்றீங்க? மூணு தட்டையும் அப்படியே விட்டுடப் போறீங்களா?" என்று கேட்டாள். குரலில் அவ்வளவு வருத்தம். என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். புதன் மத்தியானத்திலிருந்து இன்று காலை வரை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சும்மா இருந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்த கடினமான வேலை இதுதான். கை அரிக்கிறது. கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று இரண்டு நாளில் வீட்டில் இருக்கிற எல்லாக் கடிகாரத்தையும் சரிசெய்தேன், இப்போது வீட்டில் நான்கு விதமான நேரம் ஓடுகிறது.

இன்று காலை அத்தை கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே பார்க்கவிட்டாள். ஏழு, எட்டு, ஒன்பது. நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது, ஓரத்திலிருந்து பச்சை உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை, எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு பச்சைகளுக்கு எண் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது அதில் எதுவுமில்லை. நான் தலையைச் சாய்த்தேன், அது நீலமானது. நிமிர்ந்தேன், பச்சையானது. யாரும் கலக்கவில்லை, யாரும் ஒரு சொட்டும் விடவில்லை, அதுபாட்டுக்கு நின்று அந்த நிறத்தைக் கொண்டுவந்திருக்கிறது, அதை நிற்கச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறாமையும் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்: அவள் என்னைவிடப் பெரிய நிறக்காரி. இனிமேல் எதையும் என்னை நம்பி விட மாட்டாளே என்பதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது, கேடயத்தைத் திருப்பிக் கேட்டால்கூட இவ்வளவு உறுத்தாது.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். திங்கட்கிழமை அவள் வருகிறாள். ஒன்பதில் ஆறு போயிற்று. பூனை என்று சொல்லலாமா என்று யோசித்தேன், நம் வீட்டில் பூனை இல்லை, இருந்தாலும் அது எவர்சில்வர் மூடி போட்டிருக்காது. நீங்கள் வியாழக்கிழமை அவளுடைய குடையை எடுத்துப்போக வந்தீர்கள். அரை மணி நேரம் இருந்தீர்கள். அதில் இருபது நிமிஷம் நான் குளியலறையில் இருந்தேன், நீங்கள் தனியாக இருந்தீர்கள். ஒரு மனிதன் ஆறு தட்டுகளைக் கெடுக்க இருபது நிமிஷம் தாராளம், அனுபவத்தில் சொல்கிறேன். அன்று அறை பூட்டியிருந்தது என்பது நமக்குள் இருக்கட்டும். நீங்கள் செய்ததாகச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டாள், மூன்றாம் நாள் பேசிவிடுவாள், நீங்கள் வெங்காயம் நறுக்குகிற அழகு அப்படி. என்னிடம் பேசாமலிருந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ரேகையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை, உங்கள் ஆள்காட்டி விரல் என்னுடையதைவிடக் கொஞ்சம் மெலிது, அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க மாட்டாள் என்று நம்புவோம். மைக்ராஸ்கோப் பயிற்சிக்குத்தான் போயிருக்கிறாள், அதையும் மறந்துவிடவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் இதைக் கேட்பது மரியாதையா என்று நீங்கள் நினைக்கலாம். மரியாதை இல்லைதான். மரியாதை பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

உங்கள் பெற்றோருக்கு எங்கள் இருவரின் வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடவும், ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, ஒருவரை ஒருவர் உடனுக்குடன் மன்னித்துக்கொண்டு நீண்ட நாள் வாழ என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த நிலையில்,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: ஞாயிறு காலை. உறையை ஒட்டுகிறதற்குள் அவள் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போனாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தட்டைப் பார்த்தாள், சிரித்தாள். மூன்றாவதைப் பார்த்து "ஐயோ, பிரமாதம்ப்பா!" என்றாள். நான்காவதில் என் ரேகையை ஃபோனில் ஏழு படம் எடுத்தாள். ஆறாவதில் மிச்சப் பாதி எங்கே என்று கேட்டு, டெய்லரிடமிருந்து வாங்கிவர அவளே ஓடினாள். திரும்பி வந்து ஏழாவதைப் பார்த்தாள், முகம் விழுந்துவிட்டது. எட்டு, ஒன்பது, இன்னும் விழுந்தது. "இந்த மூணை ஏம்ப்பா ஒண்ணும் பண்ணலை?" என்று கேட்டாள் மாப்பிள்ளை, கண் கலங்காத குறை!

நல்ல தகடு ஒன்பது அத்தையின் பீரோவில் கீழ்த்தட்டில் பத்திரமாகக் காய்ந்துகொண்டிருக்கிறதாம். கல்யாணமானதிலிருந்து நான் திறக்காத ஒரே கதவு அது. ஆராய்ச்சிக்கூடத்தில் சரியாக வருகிறது, மனுஷர்கள் நடமாடுகிற தொழிற்சாலையில் வருமா, எப்படியெல்லாம் கெடும் என்பதுதான் கமிட்டி கேட்ட கேள்வியாம். ஒன்பது விதமாகக் கெட்ட ஒன்பது தட்டு வேண்டும். "தெரியாதவங்க கெடுத்தா ஒரே மாதிரிதான் கெடுப்பாங்கப்பா. நிறம் தெரிஞ்சவர் திருத்தினாத்தான் ஒவ்வொண்ணும் ஒரு விதமா வரும். கெடுங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க சரியாத்தான் செய்வேன்னு நின்னிருப்பீங்க" என்றாள். உங்களை நம்பித்தான் என்று அவள் சொன்னது சத்தியமான வார்த்தை என்று இப்போது தெரிகிறது, எதை நம்பினாள் என்பதுதான் வேறு. அத்தை அடுக்களையிலிருந்து "நான் ஒண்ணும் பாக்கலை" என்றாள்.

பிறகு, எந்தத் தட்டில் என்ன செய்தேன், எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். குறித்து வைத்திருப்பது உங்களுக்கு எழுதிய இந்தக் கடிதத்தில் மட்டும்தான். கொடுக்காமல் என்ன செய்வது, கொடுத்தேன். மேஜையில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாள். நிறக்காரி என்று எழுதியிருந்த பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டுவந்து வைத்து, "சர்க்கரை போதுமாப்பா?" என்றாள். சர்க்கரையே போடவில்லை. போதும் என்று சொல்லிக் குடித்துவிட்டேன். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டாள், கமிட்டி அசலைக் கேட்டாலும் கேட்குமாம். எனவே கிழிக்கச் சொன்னேனே, கிழிக்காதீர்கள். உங்கள் மேல் பழி போடச் சொன்ன பகுதியையும் அவள் படித்துவிட்டாள், அதைப் பற்றி உங்களிடம் அவளே நேரில் பேசுவாளாம்.

இப்போது புது வேண்டுகோள். அந்த மூன்று தட்டிலும் நடுவில் ஈரம் இருக்கிறது, நாளை மத்தியானத்துக்குள் அவற்றையும் ஏதாவது செய்தாக வேண்டும். அவள் செய்தால் தெரிந்து செய்ததாகிவிடும், அத்தை மாட்டேன் என்கிறாள். "பண்ணுங்கப்பா, இந்தத் தடவை அனுமதியோடயே பண்ணுங்க" என்று கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு என்னை உள்ளே அனுப்பினாள். ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பச்சை இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே வந்திருக்கிறது. கை வரவில்லை மாப்பிள்ளை. ஏழின் மேல் ஸ்பூனைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளை காலை முதல் பேருந்தில் நீங்கள் வந்து அந்த மூன்றையும் கெடுத்துக் கொடுங்கள். நீங்கள் எதைத் தொட்டாலும் தெரியாமல்தான் தொடுவீர்கள் என்று உங்கள் மனைவியே சொன்னாள், நான் சொல்லவில்லை. நான் அந்த நேரத்தில் டெய்லர் கடையில் இருப்பேன், முடிந்ததும் சொல்லி அனுப்பவும். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.